புத்தாக்கத்தின் பயன் யாரைச் சேர்கிறது? திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் சிறு அலகுகளின் போட்டி அனுகூலமும் செயல்திறனும்

ஆய்வுச்சுருக்கம்

புத்தாக்கம் போட்டி அனுகூலத்தை உருவாக்குகிறது. போட்டி அனுகூலம் நிறுவனத்தின் செயல்திறனை உயர்த்துகிறது என்னும் கருத்துத்தொடர் சிறுதொழில் ஆய்வுகளில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. இத்தொடர் ஒவ்வொரு நிறுவனத்தையும் தன்னளவில் முழுமையான அலகாகக் கொள்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலோ ஓர் ஆடை பல சிறு அலகுகளின் கைமாறி உருப்பெறுகிறது. ஓர் அலகில் தோன்றும் புதுமை விரைவில் அண்டை அலகுகளையும் சென்றடைகிறது. எனவே புத்தாக்கத்தின் பயன் அதனைச் செய்த அலகிடமே தங்குகிறதா என்பது தனித்து வினவப்பட வேண்டியதாகிறது. சந்தை, இயந்திரம், சாயக்கழிவுச் சுத்திகரிப்பு ஆகிய மூன்று துறைகளில் திருப்பூர் கண்ட மாற்றங்களைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. அளவீட்டு ஆய்வுகளை மேற்கொள்வோர் கருத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடை, புத்தாக்கம், போட்டி அனுகூலம், தொழில்கொத்து, ஜாப் ஒர்க், கழிவுநீர் மறுசுழற்சி, சிறுதொழில் செயல்திறன்.

முன்னுரை

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், 2009-இல் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்ட பகுதிகளைக் கொண்டு உருவான மாவட்டத்தின் தலைநகராகும். பனியன் நெய்தல் இங்கு 1920-களில் தொடங்கியது. பல பத்தாண்டுகள் உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் அளித்துவந்த இந்நகரம், இன்று இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேலான பங்கினை வகிக்கிறது. 2021–22 நிதியாண்டில் இதன் ஏற்றுமதி ரூ. 33,000 கோடியைக் கடந்தது. இத்தொகையை ஈட்டியவை சில பெரிய ஆலைகள் மட்டுமல்ல. பத்துப் பதினைந்து தையல் இயந்திரங்களை வைத்திருக்கும் அலகுகள் முதல் ஒரே ஒரு காஜா இயந்திரத்துடன் வாடகை அறையில் இயங்கும் அலகுகள் வரை பல்லாயிரம் சிறு அலகுகள் இதில் பங்குபெறுகின்றன.

இத்தகைய அலகுகளைப் பற்றிய மேலாண்மை ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைகின்றன. உரிமையாளர்களிடம் ஐந்து புள்ளி அளவுகோலில் அமைந்த வினாநிரல் அளிக்கப்படுகிறது. புத்தாக்கம், போட்டி அனுகூலம், செயல்திறன் ஆகிய மூன்றும் அவர்களுடைய மதிப்பீட்டின்வழி அளக்கப்படுகின்றன. பின்னர் அவற்றிடையே உள்ள தொடர்பு புள்ளியியல் முறையில் நிறுவப்படுகிறது. முடிவு ஏறத்தாழ எப்போதும் நேர்மறைத் தொடர்பாகவே வருகிறது. புதுமை செய்யும் முனைப்புடைய உரிமையாளர் தம் நிறுவனம் நன்றாக நடக்கிறது என்றும் கூறுவது இயல்பே. அதனால் அம்முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் புதிதாக நாம் அறிந்துகொண்டது மிகக் குறைவு.

திருப்பூரின் சிறு அலகு புத்தாக்கம் செய்கிறதா என்ற வினாவைவிட, அது செய்த புத்தாக்கத்தின் பயனை எத்தனை பருவங்களுக்குத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடிகிறது என்ற வினாவே செயல்திறனை விளக்க வல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கருத்தாக்கங்கள்

ஜோசப் ஷும்பீட்டர் புத்தாக்கத்தை ஐந்து வகையாகப் பகுத்தார். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் ஆதாரம், தொழிலின் புதிய அமைப்பு ஆகியவை அவை. புத்தாக்கம் என்றதும் கருவியையும் கணினியையும் மட்டுமே நினைக்கும் வழக்கம் பிற்காலத்தது. திருப்பூரின் வரலாற்றில் பின்னிரண்டையும் விடப் புதிய சந்தையும் தொழிலின் புதிய அமைப்புமே முதலில் வந்தவை என்பதைப் பின்னர்க் காண்போம்.

மைக்கேல் போர்ட்டர் 1985-இல் வெளியிட்ட போட்டி அனுகூலம் குறித்த நூல், குறைந்த செலவு, வேறுபடுத்திக் காட்டல் ஆகிய இரு வழிகளில் நிறுவனம் தன் போட்டியாளரை விஞ்சலாம் என்றது. ஜே பார்னி 1991-இல் எழுதிய கட்டுரையில், மதிப்புடையதும் அரியதும் பிறர் பின்பற்ற அரிதானதும் மாற்று இல்லாததுமான வளமே நிலைத்த அனுகூலம் தரும் என்றார். இவ்விருவரும் நம் ஆய்வேடுகளில் தவறாமல் இடம்பெறுகின்றனர். திருப்பூரை விளங்கிக்கொள்ள இவர்களைவிடத் துணைசெய்பவர் டேவிட் டீஸ் என்பது என் எண்ணம். புத்தாக்கம் செய்தவர் இழக்கவும், அவரைப் பின்பற்றியவரோ அவருக்குப் பொருள் தருபவரோ வாங்குபவரோ இலாபமடையவும் ஏன் நேர்கிறது என்பதை அவர் 1986-இல் விளக்கினார். புதுமையைப் பிறர் எளிதில் பின்பற்ற முடியுமானால், அதன் பயன் அப்புதுமையைச் சந்தைக்குக் கொண்டுசெல்லத் தேவையான துணைவளங்களை உடையவரையே சேரும் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னலாடையில் அத்துணைவளங்கள் எவை? வாங்குபவருடனான நேரடித் தொடர்பு, நூலைக் கடனில் வாங்கும் திறன், ஏற்றுமதி உரிமம், தரச்சான்று ஆகியவை. சிறு அலகிடம் இவற்றுள் பெரும்பாலானவை இருப்பதில்லை.

தொழில் ஓரிடத்தில் குவியும்போது அதன் நுட்பங்கள் மறைபொருளாக நில்லாமல் ஊராரின் பொதுச்சொத்தாகிவிடுகின்றன என்பதை ஆல்பிரட் மார்ஷல் 1890-லேயே சுட்டியுள்ளார். இது தொழில்கொத்தின் பலம். தனி அலகின் நோக்கில் பார்க்கும்போது இதுவே அதன் பலவீனமும் ஆகும்.

ஓர் ஆடையின் பயணம்

திருப்பூரில் தயாராகும் ஒரு சாதாரண டி-ஷர்ட் எத்தனை கூரைகளின் கீழ் உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நூற்பாலையிலிருந்து வரும் நூல் நிட்டிங் அலகுக்குச் செல்கிறது. அங்கு வட்டப் பின்னல் இயந்திரத்தில் கோராத்துணி ஆகிறது. அத்துணி சாயப்பட்டறைக்கோ பிளீச்சிங் அலகுக்கோ செல்கிறது. சாயமேறிய துணி காம்பாக்டிங் அலகில் அகலமும் சுருக்கமும் சீராக்கப்படுகிறது. அச்சு வேண்டுமெனில் பிரிண்டிங் அலகு. பூவேலை வேண்டுமெனில் எம்பிராய்டரி அலகு. அதன்பின் கட்டிங், தையல், காஜா–பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றுள் பெரும்பாலானவை தனித்தனி உரிமையாளர்களின் அலகுகள். ‘ஜாப் ஒர்க்’ எனப்படும் கூலிமுறையில் இயங்குபவை. பொருள் அவர்களுடையதன்று, அவர்கள் விற்பது தம் செயல்முறையையே.

இவ்வமைப்பு தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததன்று. ஒரே கூரையின்கீழ் எல்லா வேலைகளும் நடந்த பனியன் கம்பெனிகள் முன்பு இருந்தன. 1984-இல் பஞ்சப்படி கோரி 127 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தத்திற்குப் பின், வேலைகளைப் பகுத்து வெளியே அளிக்கும் போக்கு வலுப்பெற்றது. பமீலா காத்தோர்ன் 1990-களில் எழுதிய ஆய்வுகளில், திருப்பூர் முதலாளிகள் ஒரே நிறுவனத்தைப் பெரிதாக்காமல் அமீபாவைப்போலப் பல சிறு நிறுவனங்களாகப் பிரித்துப் பெருக்கினர் என்று விளக்கினார். பின்னலாடை நெடுங்காலம் சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்ததும் இதற்கு உகந்த சூழலாயிற்று.

ஷும்பீட்டர் கூறிய ‘தொழிலின் புதிய அமைப்பு’ இதுவே எனலாம். பருவத்திற்கேற்பக் கூடிக் குறையும் ஆர்டர்களை நிலையான செலவின்றிச் சமாளிக்கும் ஆற்றலை இது திருப்பூருக்கு அளித்தது. ஆனால் அந்த நெகிழ்ச்சியின் விலையை யார் தருகின்றனர்? ஆர்டர் இல்லாத மாதத்தில் இயந்திரத் தவணையையும் கட்டட வாடகையையும் சுமப்பவர் ஜாப் ஒர்க் அலகின் உரிமையாளர். வேலையை இழப்பவர் பீஸ் ரேட் தொழிலாளி. ஏற்றுமதியாளரின் செயல்திறன் உயர்வும் ஜாப் ஒர்க் அலகின் நிலையின்மையும் இங்கு ஒரே புத்தாக்கத்தின் இரு விளைவுகள். இவற்றைத் தனித்தனி வினாநிரலில் தனித்தனி நிறுவனங்களின் பண்புகளாகப் பதிவு செய்தால் இவ்வுறவு மறைந்துவிடும்.

புதிய சந்தை: 1978-உம் அதன் பின்னும்

திருப்பூரின் ஏற்றுமதி வரலாற்றில் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளரின் பெயர் தவறாமல் இடம்பெறும். மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக 1978-இல் வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்தவர் அவர். 1981-இல் சி அண்ட் ஏ போன்ற ஐரோப்பியச் சில்லறை வணிக நிறுவனங்கள் திருப்பூரை நாடின. உள்ளாடையாக நெய்யப்பட்ட துணி மேலாடையாயிற்று, வெள்ளை வண்ணமாயிற்று. மும்பை இடைத்தரகரைத் தவிர்த்து நேரடி ஏற்றுமதி செய்தோர் முதலில் சிலரே. அவர்களைக் கண்டு பலர் அவ்வழியில் இறங்கினர். 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தோன்றியது.

இங்கு முன்னோடிகளின் அனுகூலம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை அறிய உதவும் சிறந்த ஆய்வு, அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி ஆகியோர் 2004-இல் வெளியிட்டது. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களை அவர்கள் இரு பிரிவாக ஒப்பிட்டனர். ஒன்று, இவ்வட்டாரத்தில் நிலைகொண்ட கவுண்டர் சமூகத்தவரின் நிறுவனங்கள். மற்றது, வெளியிலிருந்து வந்தோரின் நிறுவனங்கள். முன்னவர் கூடுதல் முதலீட்டுடன் தொடங்கினர். பின்னவர் குறைந்த முதலீட்டுடன் சிறிதாகத் தொடங்கி, விரைந்து வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் முன்னவரை விஞ்சினர். ஆனால் முதலீட்டுச் செறிவில் முன்னவரே தொடர்ந்து மேலோங்கி நின்றனர். மூலதனம் திறமையைத் தேடிச் செல்லாமல் சமூக உறவின்வழியே ஓடுகிறது என்பது இதன் பொருள்.

ஷரத் சாரி அதே 2004-இல் வெளியிட்ட நூல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. விவசாயத் தொழிலாளராக இருந்து பனியன் கம்பெனியில் கூலியாகச் சேர்ந்து உரிமையாளரானவர்கள், தம் முன்னேற்றத்திற்குக் காரணமாக ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லையே முன்வைத்தனர் என அவர் எழுதினார். அவ்வுழைப்புக்குப் பின்னால் உறவினர், பங்காளிகள், வேலைநுட்பம் கற்பித்த மூத்தோர், கடனளித்தோர் என ஒரு வலைப்பின்னல் இருந்தது. ஆய்வாளர் உரிமையாளரிடம் வெற்றியின் காரணத்தை வினவும்போது கிடைக்கும் விடை, உண்மையின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

இயந்திரம் பரவும் வழி

கையால் சுழற்றிய பின்னல் இயந்திரத்திலிருந்து கணினிக் கட்டுப்பாட்டு வட்டப் பின்னல் இயந்திரம் வரை, ‘வின்ச்’ எனப்படும் பழைய சாயத்தொட்டியிலிருந்து குறைந்த நீரில் இயங்கும் சாப்ட் ஃபுளோ இயந்திரம் வரை, திருப்பூரின் தொழில்நுட்பம் பலமுறை மாறியுள்ளது. 1999 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டிச் சலுகை அளித்து இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. 2005 ஜனவரி முதல் நாளோடு உலக ஆடை வணிகத்தின் கோட்டா முறை முடிவுக்கு வரவிருந்ததால், அதனை எதிர்நோக்கி இயந்திரம் வாங்கியோர் பலர்.

ஆனால் இயந்திரம் என்பது காசுள்ள எவரும் வாங்கக்கூடியது. அதனை விற்கும் முகவர் ஒரே தெருவில் பத்துப்பேருக்கு விற்கிறார். பழுதுபார்க்கும் மெக்கானிக் காலையில் ஒரு கம்பெனியிலும் மாலையில் இன்னொரு கம்பெனியிலும் வேலை செய்கிறார். கட்டிங் மாஸ்டரும் பேட்டர்ன் மாஸ்டரும் சம்பளம் சற்று உயர்ந்தால் இடம் மாறுகின்றனர். அவர்களுடன் நுட்பமும் மாறிச் செல்கிறது. காப்புரிமை பெறத்தக்க பெரிய கண்டுபிடிப்புகள் இங்கு அரிது. தையலில் ஒரு மடிப்பை எளிதாக்கும் சிறு இணைப்பு, துணி வீணாவதைக் குறைக்கும் கட்டிங் ஒழுங்கு, சாயத்தின் ஷேடு முதல் முறையிலேயே அமையும்படி செய்யும் கலவைக் குறிப்பு போன்றவையே நாள்தோறும் நிகழ்பவை. இவற்றை வினாநிரலில் ‘புத்தாக்கம்’ என்று எவரும் குறிப்பதில்லை. கேட்டால், ‘அது வேலை’ என்பர்.

பயன் எங்குச் செல்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு தையல் அலகின் ஒரு வரிசையில் நாளொன்றுக்கு 400 பீஸ் உருவாகிறது, பீஸுக்கு ரூ. 10 கூலி எனக் கொள்வோம். நாள் வருவாய் ரூ. 4,000. புதிய இணைப்பொன்றைப் பொருத்தியதால் 480 பீஸ் உருவாகிறது, வருவாய் ரூ. 4,800. முதற்பருவத்தில் ரூ. 800 முழுவதும் அலகுக்கே. அடுத்த பருவத்தில் அண்டை அலகுகளும் அவ்விணைப்பைப் பொருத்துகின்றன. ஒரு பீஸுக்கு ஆகும் நேரம் குறைந்ததை மெர்ச்சண்டைசர் அறிகிறார். வாங்குபவருக்கு அளிக்கும் விலைக்கணக்கில் அது இடம்பெறுகிறது. கூலி ரூ. 8.50 ஆகிறது. இப்போது 480 பீஸுக்கு ரூ. 4,080. உயர்வில் ரூ. 80 மட்டுமே எஞ்சுகிறது. இணைப்புக்கான தவணை முடிந்திருக்காது. புதுமை செய்யாத அலகோ அதே ரூ. 8.50-க்கு 400 பீஸ் தைத்து ரூ. 3,400 பெற்று நலிகிறது.

இக்கணக்கிலிருந்து தெளிவாவது ஒன்றுண்டு. இத்தகைய சூழலில் புத்தாக்கம் அனுகூலம் ஈட்டித் தருவதைக் காட்டிலும் பிரதிகூலத்தைத் தவிர்க்கவே உதவுகிறது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எடுத்த குறுக்குவெட்டுத் தரவில் ரூ. 4,080-உம் ரூ. 3,400-உம் ஒப்பிடப்பட்டால், புத்தாக்கம் செயல்திறனை உயர்த்தியதாகவே தோன்றும். காலப்போக்கில் நோக்கினால் புதுமை செய்த அலகு ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் பவர் டேபிள் அலகுகளின் நிலை சற்று வேறானது. அங்குக் கூலி, உரிமையாளர் சங்கமும் உற்பத்தியாளர் சங்கங்களும் பேசி முடிக்கும் ஒப்பந்தத்தால் சில ஆண்டுகளுக்கு நிலைநிறுத்தப்படுகிறது. ஒப்பந்தக் காலம் முடியும் வரை விரைவாகத் தைப்பவர் பயனைத் தக்கவைக்கலாம், ஒப்பந்தக் கூலி முழுமையாக அளிக்கப்படுமாயின். சங்கம் என்னும் அமைப்பு ஒரு புத்தாக்கப் பாதுகாப்பாகவும் செயல்படக்கூடும் என்பது நம் ஆய்வுகளில் போதிய கவனம் பெறாத செய்தி.

சாயப்பட்டறைகள்: சட்டம் ஈன்ற புத்தாக்கம்

திருப்பூரில் நிகழ்ந்த மிகப்பெரிய தொழில்நுட்பப் புத்தாக்கம் எந்த உரிமையாளரின் விருப்பத்தாலும் தோன்றியதன்று. அது நீதிமன்றத்தின் ஆணையால் தோன்றியது. அதற்கு முன்னர் நொய்யல் பாசன விவசாயிகளின் இழப்பால் தோன்றியது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு மிகுதியாகத் தேவை. சாயத்தின் நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. நீரில் கரைந்த உப்பை நீக்குவது கடினம். பல்லாண்டுகள் அந்நீர் நொய்யலில் விடப்பட்டது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே அதில் நீரைத் தேக்க வேண்டாம் என்று கோரும் நிலை ஏற்பட்டது. நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்த ஆணையிட்டது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் தண்டமும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை உறுதிசெய்தது. ஆணை முழுமையாக நிறைவேறாததால் 2011 ஜனவரி 28-இல் சாய, பிளீச்சிங் அலகுகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட அலகுகள் மூடப்பட்டன. சாயமேற்ற வழியின்றிக் கோராத்துணி தேங்கியது. தையல், செக்கிங் முதலிய அடுத்த கட்ட அலகுகளும் வேலையிழந்தன. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுதும் நிற்கும் என்பதைத் திருப்பூர் அவ்வாண்டில் அறிந்தது.

பின்னர் உருவான தீர்வு கூட்டு முயற்சியாகவே அமைந்தது. சிறு சாயப்பட்டறை தனியே நிறுவ இயலாத அளவுக்கு அதன் செலவு மிகுதி. எனவே பல அலகுகள் பங்குதாரர்களாகச் சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. மாநில அரசு ரூ. 200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அந்நிலையங்களில் கழிவுநீர் முதலில் உயிரியல் முறையில் தூய்மையாக்கப்படுகிறது. பின்னர் எதிர்ச் சவ்வூடுபரவல் வழியாக உப்பு பிரிக்கப்படுகிறது. தூய நீர் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்கி வற்றச்செய்வதுதான் மின்சாரத்தையும் எரிபொருளையும் விழுங்கும் கட்டம். இங்குதான் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓர் எளிய, ஆனால் தொலைநோக்குடைய மாற்றம் செய்யப்பட்டது. தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் வழிகாட்டலில், செறிந்த உப்புநீரைத் தூய்மையாக்கி, உப்புநீராகவே மீண்டும் சாயத்தொட்டிக்கு அனுப்பினர். சாயமேற்ற எப்படியும் உப்பு வேண்டும். பிறகு அதனை வற்றச்செய்து உப்பாக்கி, மீண்டும் நீரில் கரைப்பானேன்? ஆவியாக்கும் சுமை குறைந்தது. புதிய உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்திய இடங்களில் குளிர்வித்துப் படிகமாக்கி உப்பை மீட்கவும் முடிந்தது. இன்று இந்நிலையங்கள் 90 விழுக்காட்டுக்கும் மேலான நீரை மீட்கின்றன. மீட்க இயலாத கலப்பு உப்பை என்செய்வது என்பது இன்றும் முழுமையாகத் தீராத சிக்கல்.

கடுமையான சூழல் விதிகள் புத்தாக்கத்தைத் தூண்டி, இணங்குவதற்கான செலவை ஈடுகட்டவும் கூடும் எனப் போர்ட்டரும் வான் டெர் லிண்டேயும் 1995-இல் வாதிட்டனர். திருப்பூர் அவ்வாதத்திற்குச் சான்றா? பாதி அளவில் ஆம். கழிவுநீர் வெளியேற்றமில்லாத் தொழில்நகரம் என்னும் பெயர் ஐரோப்பிய வாங்குநரிடம் மதிப்புப் பெறுகிறது; ஏற்றுமதியாளர்கள் அதனை முன்னிறுத்துகின்றனர். தூய்மைக்கான செலவு சாயக்கூலியில் அமைகிறது; தூய்மையின் பெயர் ஏற்றுமதியாளரின் விளக்கக் குறிப்பில் அமைகிறது. வாங்குநர் அப்பெயருக்காகக் கூடுதல் விலை தந்தால் அது சாயப்பட்டறை வரை இறங்கிவர எந்த ஏற்பாடும் இல்லை. இவ்விதி இல்லாத இடங்களில் சாயமேற்றும் போட்டியாளரோ குறைந்த விலை கேட்கிறார். டீஸ் கூறிய துணைவளத்தின் ஆற்றல் இங்குத் துலக்கமாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் மறுக்கவியலாது. இப்புத்தாக்கத்தின் முதற்பயன் போட்டி அனுகூலக் கணக்கில் வாராதது. ஆறும் கிணறும் நிலமும் அக்கணக்கில் ஒரு மாறியாக இடம்பெறுவதில்லை.

சிறு அலகிடம் எஞ்சுவது

பின்பற்ற எளிதானவை அனைத்தும் பரவிவிடுமாயின், பின்பற்ற அரிதானவை எவை? நாள் தவறாமை முதன்மையானது. கப்பல் தேதி தவறினால் ஏற்றுமதியாளர் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவை ஏற்க வேண்டும். அல்லது வாங்குநர் விலையைக் குறைப்பார். ஆகவே சொன்ன நாளில் தரும் அலகுக்கு ஐம்பது காசு கூடுதலாகத் தரவும் அவர் தயங்கார். ஷேடு மாறாமல் சாயமேற்றும் கைத்திறன், மறுசாயத்திற்கு அனுப்ப நேராத துல்லியம், இரண்டு நாளில் மாதிரி தைத்துத் தரும் விரைவு ஆகியவையும் இவ்வகையின. இவை இயந்திரத்தில் இல்லை. நிலைத்த தொழிலாளர்களிடமும் மேற்பார்வையிலும் உள்ளன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் தங்கும் காலத்தை நீட்டிக்கும் நல்ல விடுதியும் முறையான சம்பளமும் புத்தாக்கப் பட்டியலில் இடம்பெறத் தக்கவை.

இத்தாலியின் கார்பி வட்டாரத்தை இங்கு ஒப்புநோக்கலாம். அதுவும் சிறு அலகுகள் செறிந்த பின்னலாடை வட்டாரமே. ஆனால் அங்குள்ள சிறு நிறுவனங்கள் வடிவமைப்பைத் தம் கையில் வைத்திருந்தன. சொந்த ஆடைத்தொகுதிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தன. திருப்பூரில் வடிவமைப்பு வாங்குநரிடமிருந்து வருகிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் முயற்சியால் 1997-இல் தொடங்கப்பட்ட பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரி ஆட்களை உருவாக்குகிறது. எனினும் அவர்களுள் ஜாப் ஒர்க் அலகில் பணியாற்றுவோர் அரியர்.

பின்பற்ற அரிதான மற்றொன்று, சற்றும் கவர்ச்சியற்றது: கையில் பணம் இருத்தல். தொழிலாளிக்கு வாரச்சம்பளம், மின்கட்டணத்திற்குக் கெடு. வேலை கொடுத்தவரிடமிருந்து வரவேண்டியதோ மாதங்கள் கடந்து வருகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006, குறு, சிறு அலகுகளுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு என்றும் விதிக்கிறது. வேலை தருபவர்மீது வழக்கிட்டு வட்டி பெறும் அலகு அடுத்த ஆர்டரைப் பெறுமா என்பது வேறு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு, கெடு கடந்த நிலுவையை அது செலுத்தப்பட்ட ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று கூறி, வாங்குபவரின் வரிக்கணக்கைத் தொட்டது. இது நிலுவையைக் குறைக்கலாம். பதிவு பெறாத அலகை நாடவும் தூண்டலாம். கள ஆய்வுக்கு உகந்த வினா இது.

ஆய்வாளர்க்குச் சில குறிப்புகள்

மேற்கூறியவற்றால் அளவீட்டு ஆய்வுகள் பயனற்றவை என்று கொள்ளற்க. அவற்றின் அமைப்பில் சில மாற்றங்கள் வேண்டும். முதலாவதாக, மாதிரியில் ஏற்றுமதியாளரையும் ஜாப் ஒர்க் அலகையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சமன்பாட்டில் வைத்தல் கூடாது. அவர்கள் ஒரே சந்தையின் போட்டியாளர்கள் அல்லர், ஒரே சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகள். ஓர் ஏற்றுமதியாளரையும் அவருக்கு வேலை செய்யும் ஐந்தாறு அலகுகளையும் ஒரு தொகுதியாக எடுத்தால், புத்தாக்கத்தின் பயன் எங்கு நிற்கிறது என்பது புலப்படும்.

சிறுதொழிலின் வரையறை மாறிவருவதும் கருதத்தக்கது. 2020 ஜூலையில் சிறு நிறுவனத்தின் உச்சவரம்பு முதலீட்டில் ரூ. 10 கோடி, விற்றுமுதலில் ரூ. 50 கோடி என அமைந்தது. 2025 ஏப்ரலில் அவை முறையே ரூ. 25 கோடி, ரூ. 100 கோடி ஆயின. நேற்றைய நடுத்தர நிறுவனம் இன்று சிறு நிறுவனம். வெவ்வேறு ஆண்டுகளின் ஆய்வேடுகளை ஒப்பிடுவோர் இதனைக் கவனியாது விடின், திருப்பூரின் சிறு நிறுவனங்கள் திடீரென வளம்பெற்றதாகத் தோன்றும்.

மூடப்பட்ட அலகுகள் வினாநிரலுக்கு விடையளிப்பதில்லை. 2011-இலும், நூல்விலை ஏறிய 2021–22-இலும் மறைந்த அலகுகளுள் புதுமை செய்து கடன்பட்டவை எத்தனை என்பது எஞ்சியவர்களிடம் மட்டும் கேட்டு அறியத்தக்கதன்று. இயந்திரங்களை இரண்டாம் விலைக்கு வாங்கி விற்கும் வணிகர்களிடமும் வங்கிக் கிளைகளிடமும் அச்செய்தி கிடைக்கக்கூடும்.

புறச்சந்தையின் அதிர்ச்சிகள் இவ்வாய்வுக்கு அரிய வாய்ப்பளிக்கின்றன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் விலைச்சிக்கலுக்கு உள்ளாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்னர் ஜூலை 24-இல் பிரிட்டனுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. வாங்குநர் கேட்ட தள்ளுபடியை ஏற்றுமதியாளர் எவ்வளவு ஏற்றார், சாயம், தையல், செக்கிங் அலகுகளின் கூலியில் எவ்வளவு பிடித்தார் என்பதை ஆர்டர்வாரியாகப் பின்தொடர முடிந்தால், போட்டி அனுகூலம் யாரிடம் இருந்தது என்பதை உரிமையாளரின் கருத்தைக் கேளாமலேயே கணக்கிடலாம். செயற்கை இழை ஆடைக்கு மாறிய அலகுகளும் பருத்தியிலேயே நிற்கும் அலகுகளும் இவ்வதிர்ச்சியை வேறுவேறாகத் தாங்கினவா என்பதும் அதனுடன் சேர்த்து ஆராயத்தக்கது.

இதற்கு வேண்டிய தரவு ஒவ்வொரு அலகிலும் உள்ளது. துணி வந்த சலானின் தேதி, வேலை முடித்து அனுப்பிய தேதி, பில்லில் உள்ள பீஸ் கூலி, பிடித்தம் காட்டும் டெபிட் நோட், பணம் வங்கியில் ஏறிய தேதி ஆகிய ஐந்தையும் ஒரு பருவத்திற்கு முப்பது அலகுகளில் எடுத்தாலே போதும். ஐந்து புள்ளி அளவுகோலில் முந்நூறு பேரிடம் பெற்ற விடைகளைவிட அது கூடுதலாகப் பேசும்.